கம்பள டாக்டரும் இஸ்திரிப் பெட்டித் தழும்பும்

அவரை டாக்டர் ஆக்கியது எந்தக் கல்லூரியும் அல்ல. பெரிய மனிதர்களுக்கு மேடை போட்டு, சால்வை போர்த்திக் கொடுப்பார்களே, அந்த வகைப் பட்டமும் அல்ல; அதற்கு வேண்டிய செல்வாக்கு ஏழு ஜென்மத்திலும் அவருக்கு வராது. பட்டத்தைத் தாமே எடுத்துச் சூட்டிக்கொண்டார். ஊரும் போனால் போகிறது என்று அப்படியே கூப்பிட்டது. பல்லுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று இருக்கும்போது கம்பளத்துக்கு ஒருவர் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

நோயாளிகள் சுருட்டிக் கட்டப்பட்ட நிலையில், யாராவது ஒருவர் தோளில் சாய்ந்தபடி வருவார்கள். பூச்சி அரித்தது, எலி கடித்தது, நாய்க்குட்டி பல் முளைத்த சந்தோஷத்தில் குதறியது, சோபாவின் கால் வருஷக்கணக்காக நின்று குழி பறித்தது. டாக்டர் முறையாக விசாரிப்பார். "எப்பலேருந்து இப்படி இருக்கு? ஈரம் ஏதாவது பட்டுதா? இதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?" வேறு யாரிடமாவது காட்டியதாகச் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். பிறகு கம்பளத்தைப் புரட்டி, அதன் முதுகைப் பார்ப்பார். கையால் நெய்த கம்பளத்தின் குலம் கோத்திரம் எல்லாம் முதுகில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் அங்கே வேர்க்குரு மாதிரி தனித்தனியாகத் தெரியும். ஒரு வரிசை சற்றே கோணியிருக்கும். ஓரிடத்தில் சிவப்பு அடுத்த தடவை போட்ட சாயத்துக்கு மாறி ஒரு பிடி வெளுத்திருக்கும். எங்கோ ஒரு மனுஷி மாதக்கணக்கில் உட்கார்ந்து, விரலால் முடிந்து முடிந்து எழுப்பிய பூந்தோட்டம் அது. அதை வாங்கிய நாம் அதன் மேல் டீயைக் கொட்டுகிறோம்.

சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ரயில் பெட்டி மாதிரி நீண்டிருந்தது டாக்டரின் அறை. அதன் நீளத்துக்கு ஒரு மேசை. மேசையின் ஒரு முனையில், ஜன்னலைப் பார்த்தபடி, டாக்டரின் முக்காலி. மறுமுனையில் கம்பளி நூல் மூட்டைகள். கம்பளத்தை மேசை மேல் விரித்தபின், அதை முழுக்க மூடும் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துவார். துணியின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியே காயம் மட்டும் தெரியும். இப்படி ஒரு துணி போர்த்தி வேலை செய்யும் கம்பளக்காரர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஒருமுறை வயிற்றில் கட்டி எடுப்பதற்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மேலே போர்த்திய துணியைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றிலிருந்து இதைக் கடைப்பிடிக்கிறார். கட்டி போய்விட்டது, துணி தங்கிவிட்டது.

வேலை முடிந்ததும் துணியை எடுக்கமாட்டார். சொந்தக்காரர் வரவேண்டும். வந்தவரை மேசையின் பக்கவாட்டில் நிற்கவைத்து, தாமும் பக்கத்தில் நின்று, துணியை ஒரே இழுப்பாக இழுத்து, "கண்டுபிடிங்க பார்ப்போம்!" என்பார். ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். வந்தவர் குனிந்து பார்ப்பார், கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார், கழற்றிப் பார்ப்பார். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. டாக்டருக்குக் கிடைக்கும் கூலியில் பெரும்பங்கு இந்தச் சில நிமிஷங்கள்தான்.

இந்தப் பெருமைதான் வினையாக வந்தது. அவர் மனைவியின் தம்பி பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்டு, மிஷினில் செய்த கம்பளம் விற்கிறவன். "அத்தான், என் சரக்கை எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் ஒரே கலர். தண்ணி ஊத்திக் கழுவலாம். செருப்போட ஏறலாம். நீங்க இன்னும் ஊசியை வெச்சுக்கிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கிறீங்க. வாங்க, என் கடை வாசல்ல உட்கார்ந்து வர்றவங்களை வாங்கன்னு சொல்லுங்க, போதும்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டான். டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் சபதம் செய்தார். "மச்சான், என் ஒட்டை என்னிக்கு ஒருத்தர் கண்டுபிடிக்கிறாரோ, அன்னிக்கே ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு உன் கடையில வந்து உட்கார்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

மச்சான் வாயைத் திறக்கவில்லை. கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு மெத்தையும் வைத்துவிட்டான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் ஒரு வீட்டு மருமகள் வந்தாள். டாக்சியிலிருந்து இறக்கும்போதே கம்பளம் படுக்கை விரிப்பில் சுற்றப்பட்டு, இறுதி ஊர்வலத்துக்குத் தயாரானதுபோல் இருந்தது.

"டாக்டர், இது எங்க அத்தையோட உயிர்."

"எங்கே அடி?"

அவள் பிரித்துக் காட்டினாள். நடுப் பதக்கத்துக்குச் சற்று மேலே, மூக்கும் முழியுமாக ஒரு இஸ்திரிப் பெட்டியின் அடையாளம். கருகி, கீழே நூல் வரை போயிருந்தது.

"தரையில துணி விரிச்சு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன். போன் வந்துது. பெட்டியைப் பக்கத்துல வெச்சேன். பக்கத்துலன்னு நெனைச்சேன்."

"போன்ல யாரு?"

"அத்தைதான்!"

அவள் மாமியார் ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ். வேலையிலிருந்துதான் ஓய்வு, வீட்டில் காலையும் மாலையும் இன்னும் ரவுண்ட்ஸ் உண்டு. ஹாலில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதிலிருந்து பார்த்தால் கம்பளம் முழுவதும் வார்டு மாதிரி கண்ணுக்குள் அடங்கும். கடை கடையாக ஏறி இறங்கி, பல வருஷம் யோசித்து வாங்கிய கம்பளம். வாங்கிய பிறகும் அவருக்கு அதில் ஒரு குறை உண்டு. கடையில் மாதுளம்பழ நிறத்தில் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து விரித்தால் வெளுத்த ரோஜா. "கடைக்காரன் வேற ஒண்ணைச் சுருட்டிக் கொடுத்துட்டான். என்னை! என்னை ஏமாத்திட்டான்!" என்று அன்றிலிருந்து அந்தக் கடைக்காரரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். உலகத்தில் தம்மை ஏமாற்றிய ஒரே மனிதர் என்ற பெருமையை அவருக்குக் கொடுத்திருந்தார்.

"இப்ப அத்தை அவங்க மக வீட்டுல இருக்காங்க. பேரன் பொறந்திருக்கான். வர்றதுக்குள்ள சரியாயிடணும், டாக்டர். இல்லைன்னா நான் அந்த வீட்டுல காலம் பூரா இஸ்திரிப் பெட்டிதான்." மகன், அதாவது அவள் கணவர், வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார், இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

"போய் நிம்மதியா தூங்கும்மா. அத்தையில்ல, அத்தையோட அத்தை வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார் டாக்டர்.

இங்கே டாக்டரின் மனைவியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நூலுக்குச் சாயம் போடுவது, பழைய சிவப்புக்குப் புது சிவப்பை ஜன்னலடியில் வைத்து ஈரமாகவும் காயவைத்தும் ஒத்துப் பார்ப்பது, கம்பளத்தை மேசையில் சரியான பக்கம் பார்த்துப் போடுவது எல்லாம் அந்த அம்மாள்தான். டாக்டர் ஆபரேஷன் செய்வார். ஆபரேஷன் தவிர மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிதானே, அது அம்மாளுடையது.

சரியான பக்கம் என்று சும்மா சொல்லவில்லை. கையால் முடிகிற கம்பளத்தில், முடிச்சுப் போட்டவர் ஒவ்வொரு நூலையும் தன் பக்கம் கீழே இழுத்துத்தான் வெட்டுவார். அதனால் மயிர் முழுவதும் ஒரே திசையில் படிந்து கிடக்கும், பூனை முதுகு மாதிரி. நெய்ய ஆரம்பித்த முனையைக் கால்மாடு என்றும், முடித்த முனையைத் தலைமாடு என்றும் இவர்கள் சொல்வார்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குத் தடவினால் வழுக்கும். திருப்பித் தடவினால் முறைக்கும். ஒரு முனையிலிருந்து பார்த்தால் நிறம் ஆழ்ந்து இருக்கும். எதிர் முனையிலிருந்து பார்த்தால் அதே நிறம் வெளுத்து மினுக்கும். கையால் செய்த கம்பளத்தை வாங்கியவர் ஒன்றுக்கு இரண்டு கம்பளம் வாங்கியவர் என்று சொல்வது இதனால்தான். மச்சானின் சரக்கில் இந்தத் தொந்தரவு கிடையாது.

ஒட்டுப் போடும்போது கால்மாட்டைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்து உட்காரவேண்டும். இது டாக்டருக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த வாரம் கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு சட்டை. டாக்டரின் சட்டை ஆணியில் மாட்டி, தோள்பட்டையில் கிழிந்திருந்தது. மனைவி அதைத் தைத்துக் கொடுத்தார். டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு தையல் கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "கண்டுபிடிங்க பார்ப்போம்! வேண்டாம், வேண்டாம், இது அடுத்த தெருவுல நின்னு பார்த்தாலே தெரியும்" என்று சிரித்தார். அவ்வளவுதான். அன்று மத்தியானத்திலிருந்து அம்மாள் அடுப்பிடம் பேசத் தொடங்கினார். "சாப்பிடறவங்க வந்தா சாப்பிடலாம்" என்று கெட்டிலுக்குச் சொல்வார். "உப்பு வேணுங்கிறவங்களுக்கு உப்பு வேணும்" என்று டாக்டர் சுவரிடம் சொல்வார். வீட்டில் சுவரும் கெட்டிலும் நிறைய விஷயம் தெரிந்துகொண்டன.

அந்த நிலையில்தான் இஸ்திரிப் பெட்டிக் கம்பளம் மேசைக்கு ஏறியது. காயம் வெளிச்சத்துக்குக் கிட்டே வரவேண்டுமே என்று அம்மாள் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டார். வழக்கமாக இருந்தால், "திருப்பிப் போட்டிருக்கேன், அந்தப் பக்கம் உட்காருங்க" என்பார். இப்போது சொல்லவில்லை. தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடப்போகிறது, நாம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று விட்டுவிட்டார். டாக்டர் தடவிப் பார்க்கவில்லை. மாறியிருந்தால் அவள் சொல்லியிருப்பாளே என்று துணியைப் போர்த்திவிட்டார். துணி போர்த்திய பிறகு ஓட்டையில் தெரிந்தது கருகல் மட்டும்தான். சுற்றியுள்ள மயிர் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

டாக்டர் கருகலை வெட்டி எடுத்தார். கீழே நூல் பாய்ச்சினார். நாட்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தன் வயிற்றைப் பார்த்து இழுத்து வெட்டினார். அழகான வேலை. பூவின் காம்பு அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் சேர்ந்தது. துணியை எடுக்கும் முன் அம்மாள் வந்து ஒட்டின் மேல் ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டுப் போவது வழக்கம், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல். அன்று அவர் கெட்டிலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மருமகள் வந்தாள். பக்கவாட்டில் நிறுத்தப்பட்டாள். துணி பறந்தது.

"கண்டுபிடிங்க பார்ப்போம்!"

அவள் பார்த்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "எங்கே டாக்டர் அது? நெஜமாவே இல்லையே!" என்றாள். டாக்டர் கம்பளத்தைத் தாமே சுருட்டி, தாமே டாக்சியில் ஏற்றினார். அப்படிப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் காலை போன் அடித்தது.

"டாக்டர், உடனே வாங்க." மருமகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அத்தை நாற்காலியில உட்கார்ந்து காபி குடிச்சேன். அவங்க இல்லாதப்பதானே உட்கார முடியும். உட்கார்ந்து பார்த்தா, கம்பளத்துல இஸ்திரிப் பெட்டி நிக்குது. கைப்பிடி மட்டும்தான் இல்லை!"

"இருக்காதேம்மா."

"அத்தை இன்னிக்கே வர்றாங்களாம். குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுறதுன்னு சம்பந்தியம்மாவோட சண்டை. கோவிச்சுக்கிட்டுக் காலை பஸ்லயே ஏறிட்டாங்க!"

டாக்டர் போனை வைத்தார். கண்ணெதிரே மெத்தை போட்ட நாற்காலி வந்து நின்றது. சுவரைப் பார்த்து, "கம்பள வீட்டுக்குப் போகவேண்டியிருக்கு. வர்றவங்க வரலாம்" என்றார்.

"கூப்பிட்டா வருவாங்க" என்றார் அம்மாள் கெட்டிலிடம்.

டாக்டர் சுவரைப் பார்த்தார். சுவர் இதற்குமேல் உதவுவதாக இல்லை. "வாம்மா" என்றார், மனைவியைப் பார்த்தே.

மருமகள் வீட்டு ஹால் சதுரமானது. ஒருபக்கம் வாசல், அதற்கு நேர் எதிரே ஹெட் நர்ஸின் நாற்காலி. மற்றொரு பக்கம் ஜன்னல். ஜன்னலடியில் மாமனார், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஜன்னலுக்கு எதிரே சமையலறை. நடுவில் கம்பளம். டாக்டர் வாசலில் நின்று பார்த்தார். ஆழ்ந்த சிவப்பில் வெளுத்த இஸ்திரிப் பெட்டி. நாற்காலியிடம் போய் நின்று பார்த்தார். வெளுத்த ரோஜாவில் கறுத்த இஸ்திரிப் பெட்டி. ஜன்னல் பக்கம் போனார், ஒன்றுமே இல்லை. பேய் பிடித்த வீட்டில் நடப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தார்.

அம்மாள் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினார். பூனை முதுகு வழுக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் முறைத்தது.

"எல்லாரும் இந்தப் பக்கம் தலை வெச்சுத் தூங்குறாங்க. இது ஒண்ணு மட்டும் அந்தப் பக்கம் தலை வெச்சிருக்கு" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"பேசினாத்தானே சொல்றதுக்கு? மேசையில திருப்பிப் போட்டது நான். தடவிப் பார்க்காதது நீங்க."

"ஐயோ, சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க அக்கா!" என்றாள் மருமகள். "இதை ஒரு சீப்பு வெச்சு அந்தப் பக்கம் வாரி விட்டுட முடியாதா?"

முயன்று பார்த்தார்கள். தண்ணீர் தெளித்து வாரினார்கள். படியவில்லை. ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டால் படியும் என்று டாக்டர் சொல்ல, அதே பெட்டி கொண்டுவரப்பட்டது. குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆவி பறந்தது, ஈர ஆட்டு வாடை ஹால் முழுவதும் பரவியது, மயிர் சொன்னபடி கேட்டுப் படுத்தது. மூவரும் மூச்சு விட்டார்கள். அவர்கள் விட்ட மூச்சு அடங்குவதற்குள், ஒட்டு மெல்ல மெல்ல நிமிர்ந்து, மறுபடியும் தன் பக்கமே திரும்பிப் படுத்தது. முடிச்சு இழுத்த திசைதான் மயிரின் ஜாதகம். அதை இஸ்திரிப் பெட்டி மாற்ற முடியாது.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான் கடையில மின்விசிறியாவது நாற்காலிக்கு நேரா இருக்குமா?" என்று கேட்டார்.

அம்மாள் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இங்கேருந்து பார்த்தா தெரியலை. உங்க அத்தை நாற்காலியை இங்க போட்டுட்டா?"

"நாற்காலியை நகர்த்துறதா? அதுக்கு வீட்டையே நகர்த்திடலாம், அக்கா."

"அப்ப கம்பளத்தை நகர்த்து. கால் சுத்து திருப்பு. அவங்க பக்கம் பக்கவாட்டு வந்துடும்."

டாக்டர் எழுந்த வேகத்தில் முழங்கால் சொடுக்கியது. நடுவிலிருந்த சின்ன மேசையைத் தூக்கினார்கள். ஆளுக்கு ஒரு மூலை பிடித்து இழுத்தார்கள். கம்பளம் மாமனாரின் பாதத்தருகே வந்தபோது, அவர் பேப்பரை இறக்காமலே இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்தார். கம்பளம் அடியில் போனதும் காலை இறக்கிக்கொண்டார். கம்பளத்தின் ஒரு ஓரக் குஞ்சம் அவர் ஆசனத்துக்கு அடியிலும், மறு ஓரம் சமையலறை வாசற்படியிலும் போய் முட்டியது. டாக்டர் ஓடிப்போய் நாற்காலியிடம் குந்திப் பார்த்தார். இல்லை. வாசலில் நின்று பார்த்தார். இல்லை. அப்போது வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

ஹெட் நர்ஸ் படியேறும்போதே செருப்பு சத்தத்தில் சம்பந்தியம்மா மேலிருந்த கோபம் இன்னும் இருந்தது. உள்ளே வந்தார். கண்கள் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக ஒரு சுற்று போயின.

"யாரு இவங்க?"

"கம்பள டாக்டர், அத்தை. அவங்க வீட்டம்மா. நீங்க வர்றதுக்குள்ள கம்பளத்தைப் பார்த்துடலாம்னு நான்தான் கூப்பிட்டேன்."

"டாக்டரா? எந்த ஆஸ்பத்திரி?"

டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டத்தைத் துறக்கத் தயாரானார். "சும்மா கூப்பிடுறதுதாம்மா."

"கம்பளத்தை யாரு திருப்பினது?"

டாக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா" என்றார் டாக்டர். "கையால முடிஞ்ச கம்பளம் ஒரே மாதிரி கெடந்தா, நடக்கிற இடத்துலயே நடந்து, வெயில் படுற இடத்துலயே பட்டு, ஒரு பக்கமா தேஞ்சு போயிடும். அப்பப்ப திருப்பிப் போடணும்." சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லித் தப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஹெட் நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தின் மேல் நடந்தார். நேராக வந்தார். நடுப் பதக்கத்தை ஒட்டி ஓரமாக நடந்தார். ஒட்டின் மேல் கால் வைத்தார். நின்றார்.

"இந்த இடம் மட்டும் மெத்துன்னு இருக்கே?"

புது நூல், மிதி படாத நூல், மெத்தென்று இருக்காமல் என்ன செய்யும்? டாக்டரின் மனக்கண்ணில் மச்சான் கதவைத் திறந்து, "வாங்க அத்தான்" என்றான்.

"நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஹெட் நர்ஸ் போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கம்பளத்தைப் பார்த்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். முகத்தில் என்னவோ நடந்தது. இத்தனை வருஷம் வெளுத்து மினுக்கும் முனையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, முதல்முறையாகக் கம்பளம் பக்கவாட்டில் நிறம் கூடித் தெரிந்தது.

"மாதுளை!" என்றார்.

"அத்தை?"

"இதுதாண்டி! இதுதான் நான் கடையில பார்த்த கலர்! அப்ப அந்த ஆள் மாத்திக் கொடுக்கலையா?" குரல் இளகிவிட்டது. "அப்ப என்னை யாரும் ஏமாத்தலையா?"

"உங்களையாவது, ஏமாத்துறதாவது! கடையில ஒரு முனையில நின்னு பார்த்திருப்பீங்க, வீட்டுல எதிர் முனையில உட்கார்ந்துட்டீங்க. கைவேலைக் கம்பளம் அப்படித்தாம்மா, நிக்கிற இடத்துக்கு ஒரு முகம் காட்டும்" என்றார் டாக்டரின் மனைவி.

"பாவம் அந்த மனுஷன். எத்தனை தடவை எதிர்ப்பக்கம் நடந்திருக்கேன்! நாளைக்கே போய் நல்லா இருக்கீங்களான்னு கேட்கணும்." நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் ஹெட் நர்ஸ் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "ஜன்னல் பக்கம் நின்னா இன்னும் எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

ஜன்னல் பக்கம்! திருப்பிய பிறகு அதுதான் முனை. அங்கே நின்றால் இஸ்திரிப் பெட்டி பட்டப்பகலில் நிற்கும். டாக்டர் குறுக்கே விழலாமா என்று யோசித்தார். ஹெட் நர்ஸ் இரண்டடி வைத்துவிட்டார்.

பேப்பர் இறங்கியது. மாமனார் பேசினார்.

"அது கிடக்கட்டும். உட்காரு. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டினாங்களாம் அந்தம்மா? அதை முதல்ல சொல்லு."

ஹெட் நர்ஸ் நின்றார். திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்தார். "கேட்டீங்களே ஒரு கேள்வி! தலையில தண்ணியை எடுத்தவுடனே..." என்று தொடங்கினார். குடும்பம் நடத்துவதும் ஒரு தொழில். அதில் நெடுநாள் அனுபவம் உள்ளவருக்கு எந்த நூலை இழுத்தால் எந்த முடிச்சு இறுகும் என்று தெரியும். தலையிலிருந்து குழந்தையின் முதுகுக்கு அவர் வருவதற்குள் டாக்டரும் மனைவியும் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மாமனார் குப்பை கொட்டுகிற சாக்கில் பின்னாலேயே வந்தார். கையில் குப்பை எதுவும் இல்லை.

"டாக்டர், பெட்டி இப்ப என் பக்கம் திரும்பி நிக்குது" என்றார் தணிந்த குரலில்.

டாக்டர் முகம் வெளுத்தது, தலைமாட்டிலிருந்தா கால்மாட்டிலிருந்தா என்று தெரியவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா, சார்? அப்ப என் சபதம்..."

"என்ன கண்டுபிடிச்சார்?" என்று அம்மாள் குறுக்கே புகுந்தார். "கருகின அன்னிக்கு இவர் இங்கேதானே உட்கார்ந்திருந்தார்? வாடை மூக்குல ஏறாமலா இருந்திருக்கும்? முன்னாடியே தெரிஞ்சதைத் திரும்பப் பார்க்கிறது கண்டுபிடிக்கிறதா? செல்லாது."

"நான் எங்கம்மா பார்த்தேன்?" என்றார் மாமனார். "பேப்பர்தான் பார்த்தேன். அன்னிக்கும் பேப்பர்தான். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மருமகளுக்குத்தான், சமையலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் எதிரே நிக்கும். இனிமே தரையில இஸ்திரி போடமாட்டா." சொல்லிவிட்டு, குப்பை கொட்டி முடித்த திருப்தியுடன் உள்ளே போனார். குழந்தை இன்னும் குளித்துக்கொண்டிருந்தது.

பேரனுக்குப் பல் முளைக்கும்போது ஹெட் நர்ஸ் மறுபடி மகள் வீட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டார். அப்போது ஒட்டைப் பிரித்து, தடவிப் பார்த்து, முறையாக முடிந்துவிடுவது என்று தெருவிலேயே தீர்மானமாயிற்று. துணி போர்த்துவதில்லை என்றும் தீர்மானமாயிற்று. இரண்டாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தது அம்மாள். டாக்டர் எதிர்க்கவில்லை, ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

பெரிய தெரு வந்தது. மச்சான் கடை வாசலில் மெத்தை போட்ட நாற்காலி இருந்தது. அதில் ஒரு பூனை சுருண்டு தூங்கியது. மச்சான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினான். டாக்டர் நின்று, பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்கு ஒருமுறை தடவினார். வழுக்கியது. "மச்சான், இடம் நிரம்பிடுச்சுப் போலிருக்கே!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கைவீசி நடந்தார். இவ்வளவு லேசாக அவர் அந்தக் கடையைத் தாண்டியதே இல்லை.

கொஞ்ச தூரம் போனபின் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீ தெச்சியே இந்தச் சட்டை, காலையிலேருந்து தேடிப் பார்க்கிறேன். ஒட்டு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கவே முடியலைம்மா."

அம்மாள் அவர் தோளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அந்தச் சட்டை வீட்டுக் கொடியில காயுது. நீங்க போட்டிருக்கிறது வேற."

டாக்டர் குனிந்து தம் சட்டையைப் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அம்மாள் சிரித்தார். வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. அன்று கெட்டிலிடம் யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.